ஒன்றாம் ஸ்லாட், மூன்றாம் ஸ்லாட்

அத்தியாயம் 5

மாடிப்படியில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தால் அது புருஷனைப் பற்றிய விசாரணையாகத்தான் இருக்கும் என்பது ரேடியோவின் ஒன்பது வருட அனுபவம். அதனால், அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, மிகுந்த பரிவோடு கேட்டான்.

"எத்தனை நாளா வீட்டுக்கு லேட்டா வர்றாரு?"

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை," என்றார் அந்தப் பெண். "என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க."

ரேடியோ வாயை மூடிக்கொண்டான். அது அவனுக்கு அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. 'ரேடியோ' என்பது பெற்றவர்கள் வைத்த பெயரும் இல்லை. துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்த முதல் வாரம், ஒருவரை மறைந்திருந்து கண்காணிக்க அனுப்பினால், அவரிடமே போய்ப் பேச்சுக் கொடுத்து, அவர் வீட்டில் டீயும் குடித்துவிட்டு வந்தவன். அவனுடைய முதலாளியம்மா இதற்கு நேர் எதிர். ஒரு வாக்கியத்தில் முடிவதை இரண்டு வார்த்தையில் முடிப்பார். அந்தத் தெருவே அவரைப் 'பூட்டு' என்றுதான் சொல்லும். ரேடியோ முகத்துக்கு நேரே 'மேடம்' என்பான். முதுகுக்குப் பின்னால் தெருவோடு சேர்ந்துகொள்வான்.

பூட்டு தன் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "கீழ்க் கடைதானே?"

வந்தவர் தலையாட்டினார். கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் கடை. பெட்டிக்குள் பாகங்களை வைத்துத் திருகி உயிர் கொடுப்பது இவர் வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் பென்ஷன்காரர்கள் வரை எல்லாருக்கும் இவர் அசெம்ப்ளி அக்கா.

"என்ன காணோம்?"

"ரெண்டு ரேம், மேடம்."

ரேம் எப்படி இருக்கும் என்று ரேடியோவுக்குத் தெரியும். சட்டைப்பைச் சீப்பு நீளத்துக்கு ஒரு பட்டை. அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரும் வெறும் தகரப்பெட்டி. அதற்கு மேல் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி தலையாட்டினான்.

அக்கா சொன்னதன் சுருக்கம் இது. சனிக்கிழமை ஒரு பெரியவர் வந்து, வீட்டு வரைபடம் போடும் தன் மகளுக்காகப் புது மெஷின் ஆர்டர் கொடுத்தார். அக்கா வேலை செய்த இரண்டு மணி நேரமும் நகராமல் பக்கத்திலேயே நின்றார். மெஷின் ஓடியது, பார்த்துவிட்டுச் சந்தோஷமாக எடுத்துப் போனார். திங்கட்கிழமை காலை கடைக்குப் போன் வந்தது. மெஷின் செத்துக் கிடக்கிறது, உள்ளே இருப்பது பழைய ரேம், உங்கள் ஆள் நல்லதை உருவிக்கொண்டு பழசைச் செருகிவிட்டார் என்று. முதலாளி கடை நிறைய ஆட்கள் நிற்கும்போதே 'திருடி' என்றுவிட்டார்.

"சாயந்திரம் ஆறு மணிக்குள்ள ரேமைக் கொண்டாந்து வைக்கணுமாம். இல்லன்னா வேலையும் போச்சு, போலீஸும் வருமாம்." அக்காவின் குரல் உடைந்தது. "பதினாறு வருஷம் மேடம். ஒரு திருகாணியைக்கூட நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல."

"உள்ள இருந்தது என்ன பழசு?"

"நாலாம் தலைமுறைங்கிறாங்க. ரேமை மாட்டுற இந்த போர்டு அஞ்சாம் தலைமுறை. அதுல நாலு உக்காரவே உக்காராது மேடம். ரேமுக்கு அடியில ஒரு வெட்டு இருக்கும், அது உக்கார்ற ஸ்லாட்டுல அதுக்கு நேரா ஒரு தடுப்பு இருக்கும். நாலுக்கு வெட்டு ஒரு இடம், அஞ்சுக்கு வேற இடம். தப்பா மாட்டிடக் கூடாதுன்னே அப்படிப் பண்ணியிருக்காங்க."

"இதை உங்க முதலாளிகிட்ட சொல்லலாமே?" என்றான் ரேடியோ.

"சொன்னேன் சார். அவரு கம்ப்யூட்டர் விக்கிறவரு. அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

பூட்டு எழுந்து கைப்பையை எடுத்தார். "போர்டுல எத்தனை ஸ்லாட்?"

"நாலு."

"நீங்க எதுல போட்டீங்க?"

"ரெண்டு, நாலு. ரெண்டே ரெண்டு ரேம்னா எப்பவும் ரெண்டாவதும் நாலாவதும்தான். அப்பதான் ரெண்டும் ஜோடியா வேகமா ஓடும். என்னைத் தூக்கத்துல எழுப்பி விட்டாக்கூட அதைத்தான் செய்வேன்."

"நீங்களும் வாங்க," என்றார் பூட்டு. "அங்க நான் கேட்கிற வரைக்கும் பேசாதீங்க."

"நானு?" என்றான் ரேடியோ.

"நீ பேசு. உன்னை நிறுத்தற வழி எனக்குத் தெரியாது."

*

இரண்டு பஸ் மாறி, ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டு, நாலு மணிக்கு வீட்டைக் கண்டுபிடித்தார்கள். நிறுத்தத்தைத் தவறவிட்டது ரேடியோ. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வழி கேட்கப் போய், அவருடைய மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்ததில் பஸ் தாண்டிப் போய்விட்டது.

கதவைத் திறந்த மகளின் கொண்டையில் பென்சில் செருகியிருந்தது. கைகளில் மை. வரைபடக்காரி என்று சொல்லாமலே தெரிந்தது. உள்ளே சுவர் முழுக்கச் சுருட்டிய காகிதங்கள். மேஜையில் ஒரு பழைய லேப்டாப் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கண்ணாடிப் பக்கம் வைத்த புதுப் பெட்டி, பேச்சுமூச்சில்லாமல்.

"கடையிலேருந்தா?"

"கடைக்கு மேலேருந்து," என்றான் ரேடியோ. பொய் இல்லை.

பின்னாலிருந்து மாமனார் வந்தார். மகளுக்கு அப்பா, ஆனால் அந்த வீட்டில் அவர் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மாமனார் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. "உக்காருங்க. எங்க மாப்பிள்ளை வரட்டும். அவரு விளக்கமா சொல்லுவாரு. கம்ப்யூட்டர்னா அவருதான். எங்க சொந்தக்காரங்க பூரா எதுன்னாலும் அவரைத்தான் கேப்பாங்க."

மாப்பிள்ளை வந்தார். அவருடைய புகழின் வரலாற்றை மாமனாரே சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் இந்த வீட்டு பிரிண்டர் நின்றுவிட்டது. மெக்கானிக் வருவதற்குள் மாப்பிள்ளை ஒயரைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகினார். பிரிண்டர் ஓடியது. அன்றிலிருந்து சொந்தத்தில் யார் வீட்டில் போன் சூடானாலும், டிவி கோடு விட்டாலும், வாஷிங்மெஷின் அதிர்ந்தாலும் இவருக்குத்தான் அழைப்பு. அவரும் சளைக்காமல் போய் ஒயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறார்.

"இந்த மாதிரி கடைங்களை நான் நிறையப் பாத்தாச்சு," என்று மாப்பிள்ளை அக்காவைப் பார்த்து விரலை நீட்டினார். "ஆளு ஏமாந்தா புதுசை உருவிட்டுப் பழசை வச்சிர்றது. என்கிட்ட நடக்குமா? காலையில மாமா கூப்பிட்டுக் காட்டினாரு. ஒரே பார்வையில கண்டுபிடிச்சேன், இது நாலாம் தலைமுறைன்னு!"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை அவரை முறைத்தார். வரைபடக்காரி சங்கடத்தோடு பார்த்தாள். மாமனார் மட்டும் அக்கா நின்ற பக்கமே திரும்பவில்லை. இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்று பேசியவர், இப்போது ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"பில் இருக்கா?" என்றார் பூட்டு.

மாமனார் பில்லை எடுத்தார். கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இடுக்கி, "அஞ்சாம் தலைமுறைன்னு தெளிவா போட்டிருக்கு," என்றார். அதில் பாதி மனப்பாடம் என்று ரேடியோவுக்குத் தோன்றியது.

பூட்டு பெட்டியின் கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றச் சொன்னார். வரைபடக்காரியே கழற்றினாள். நான்கு ஸ்லாட். இரண்டில் ரேம், இரண்டு காலி.

"ரேடியோ, எண்ணு. ஃபேன் பக்கத்திலேருந்து."

"ஒண்ணுல இருக்கு. ரெண்டு காலி. மூணுல இருக்கு. நாலு காலி." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. "மேடம், அக்கா போட்டது ரெண்டும் நாலும்!"

"அதான் சொல்றேனே," என்றார் மாப்பிள்ளை. "அவசரத்துல திருடறவங்க இடம் பாத்தா போடுவாங்க?"

"ரெண்டுலேயும் நாலுலேயும் இருக்கிறதை எடுத்துட்டுப் பழசை வைக்கிறவங்க, எடுத்த இடத்துலதானே வைப்பாங்க சார்? இது காலியா இருந்த இடத்துல வந்து உக்காந்திருக்கு," என்றான் ரேடியோ. "நாலு நாற்காலி. ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. யாரோ புதுசா ரெண்டு பேரு, காலியா இருந்த நாற்காலியில வந்து உக்காந்தாங்க. அப்புறம் முதல்ல இருந்தவங்களைக் காணோம்."

பூட்டு கைவிளக்கை அடித்துக் குனிந்தார். ஒன்றாம் ஸ்லாட்டின் ஓரம் பிளந்திருந்தது. ரேமைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. மூன்றாம் ஸ்லாட்டும் அப்படியே.

"இறுகிடுச்சு," என்றார். "இதை யாரும் கையால எடுக்க முடியாது. ரேடியோ, அடியில தெரியுதா?"

ரேடியோ மேஜைக்குப் பக்கவாட்டில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். ரேமின் அடி வெட்டு, வெட்டாக இல்லை. எலி கடித்த ரொட்டி மாதிரி அகலமாகக் குதறியிருந்தது.

"யாரோ ராவியிருக்காங்க மேடம்! நாலை அஞ்சாக்கப் பாத்திருக்காங்க!"

"வீட்டுல அரம் இருக்கா?" என்று பூட்டு வரைபடக்காரியைக் கேட்டார்.

"அரமா? இல்லையே," என்ற வரைபடக்காரி சட்டென்று நிறுத்தினாள். "என் நெயில் ஃபைலைத்தான் நேத்துலேருந்து தேடறேன்." மேஜை மேலிருந்த பேனா டப்பாவைக் கவிழ்த்தாள். பேனாக்களுக்கு நடுவே அது விழுந்தது. அதன் சொரசொரப்பு முழுக்கப் பச்சைத் தூள், குதறிய ரேம் பட்டையின் அதே பச்சை. அவள் மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"இது... பேனா மூடிக்கு..." மாப்பிள்ளை மென்று விழுங்கினார்.

ரேடியோ அதற்குள் அறையின் மூலைக்குப் போயிருந்தான். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர், பெட்ஷீட் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "இது யாரோடது?"

"அதைத் தொடாதீங்க!" என்றார் மாப்பிள்ளை.

தொடாதே என்று சொன்ன பிறகு தொடாமல் இருந்த சரித்திரம் ரேடியோவுக்கு இல்லை. பெட்ஷீட்டை விலக்கிச் சுவிட்சை அமுக்கினான். பெட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு பீப், பீப், பீப் என்று வீடே அதிரக் கத்த ஆரம்பித்தது.

பூட்டு அக்காவைப் பார்த்தார். "இப்ப பேசலாம்."

"ரேம் இல்லாத மெஷின் அப்படித்தான் கத்தும்," என்றார் அக்கா.

வரைபடக்காரி போய் ஒயரைப் பிடுங்கினாள். அமைதி வந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நல்லதுக்குத்தாம்மா பண்ணேன்! நாலு ஸ்லாட் இருக்கு, ரெண்டு சும்மா கிடக்கு. சும்மா போடறதுக்கா நாலு வச்சிருக்கான்? என் பழசுல ரெண்டு ரேம் இருந்துச்சு. ரேம்னா ரேம்தானே? அதையும் சேத்தா உனக்கு மெஷின் பறக்குமேன்னு நெனச்சேன். நேத்து மத்தியானம் நீ சைட்டுக்குப் போயிருந்தப்ப... கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. சின்னதா ராவினேன். சுவிட்சைப் போட்டேன். ஒரு வாசனை வந்துச்சு. அப்படியே மூடி வச்சிட்டேன்."

"மூடி வச்சிட்டு, காலையில இந்த அக்கா மேல பழியா?" வரைபடக்காரி நெயில் ஃபைலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"முடிஞ்சது மேடம்," என்றான் ரேடியோ ஆனந்தமாக. "சார், அந்த நல்ல ரேம் ரெண்டையும் எடுங்க. மணி அஞ்சாகப் போகுது."

"என்கிட்ட இல்லை!"

"சார்..."

"சத்தியமா இல்லைங்க! நான் நாலையும் மாட்டித்தான் மூடினேன். காலையில மாமா கூப்பிட்டுக் காட்டறப்ப ரெண்டுதான் இருந்துச்சு. எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு. கடைக்காரங்க திருடிட்டாங்கன்னு மாமா சொன்னாரு. நானும்... சரி, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன்."

"நாலு இருந்ததை நீங்களே கண்ணால பாத்துட்டு?"

"அப்படி நெனச்சா வசதியா இருந்துச்சு சார்," என்றார் மாப்பிள்ளை. அன்று முழுக்க அவர் சொன்னதில் இது ஒன்றுதான் கலப்படம் இல்லாத உண்மை.

ரேடியோ குழம்பிப்போனான். இவ்வளவு அழகாக விழுந்த வழக்கு கைநழுவிப் போகிறதே என்று அவனுக்குக் கோபமே வந்தது. பூட்டு மட்டும் அசையவில்லை. இரண்டாம் ஸ்லாட்டிலும் நான்காம் ஸ்லாட்டிலும் விளக்கை அடித்தார்.

"இங்க பாரு. ஒண்ணும் மூணும் உடைஞ்சிருக்கு. ரெண்டும் நாலும் புதுசு மாதிரி இருக்கு. ஓரத்துக் கிளிப்பை மெதுவா அமுக்கி, நேரா மேல தூக்கியிருக்காங்க. மாப்பிள்ளை கையா இது?"

"அவரு பிடுங்கிச் செருகுற ஆளு," என்றான் ரேடியோ.

"முறையாக் கத்துக்கிட்ட கை. அக்கா, இந்த வீட்டுல யாருக்காவது நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?"

அக்காவின் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, வருத்தம்.

"ஐயா ஆசைப்பட்டுக் கேட்டாங்க," என்றார் அக்கா மெல்ல. "எப்படிம்மா மாட்டறது, எப்படி எடுக்கறதுன்னு. இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. நாலாவது ஸ்லாட்டுல ஐயா கையாலேயே மாட்டச் சொன்னேன். ரெண்டு தடவை எடுத்து எடுத்து மாட்டிப் பாத்தாங்க."

எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஐயா," என்றார் பூட்டு, "பில்லை ஏன் கை நீட்டிப் படிச்சீங்க?"

"கண்ணு சரியா..."

"சட்டைப்பையில கண்ணாடிக் கூடு இருக்கே."

மாமனாரின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. அங்கே ஒரு நீளமான கண்ணாடிக் கூடு முட்டிக்கொண்டு நின்றது. வரைபடக்காரி அப்பாவின் அருகில் போனாள். கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவள் திறந்தாள். மெத்தென்ற துணிமேல், சீப்பு நீளத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள் பத்திரமாகப் படுத்திருந்தன.

"கண்ணாடி எங்கப்பா?"

"அரிசி டின்னுல," என்றார் மாமனார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் பூசி மெழுகவில்லை. நேற்று மத்தியானத் தூக்கத்தில் ராவுகிற சத்தம் கேட்டு எழுந்தாராம். கதவிடுக்கில் பார்த்தாராம். புகை வாசனையும் வந்ததாம். மாப்பிள்ளை வெளியே போன பிறகு வந்து திறந்தால், மாப்பிள்ளை மாட்டியது இரண்டும் இறுகிக் கிடந்தது, அசைக்க முடியவில்லை. அதை எடுக்க முடியாது என்றால், எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார்; பழசு மட்டும் உள்ளே இருந்தால் பழி கடைமேல் போகும்.

"ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன்மா, என் மாப்பிள்ளையை மாதிரி வருமான்னு. புது மெஷினை ஒரே நாள்ல எரிச்சிட்டாருன்னா நான் எந்த முகத்தோட வெளிய போவேன்? கடைன்னா என்ன, வேற குடுத்துட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். இந்தப் பொண்ணை இப்படிப் பண்ணுவாங்கன்னு நெனக்கலை."

"நெனச்சுப் பாக்கலை," என்றார் அக்கா. "அவ்வளவுதான் ஐயா."

மணி ஐந்து இருபது. வரைபடக்காரி போனை எடுத்துக் கடை நம்பரைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி செய்து, அப்பாவின் கையில் வைத்தாள். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம். நாங்கதான். அந்த ரேம்... கிடைச்சிடுச்சு. எங்கேயோ தவறி..."

அக்கா இரண்டே எட்டில் வந்து போனின் மேல் கையை வைத்து மூடினார்.

"கிடைச்சிடுச்சுன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா ஐயா? போலீஸுன்னதும் பயந்து நான் திருப்பிக் குடுத்துட்டேன்னு ஆகும். சாகுற வரைக்கும் அப்படியே நிக்கும். யாரு எடுத்தாங்கன்னு சொல்லுங்க."

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மாமனார் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் தப்பிக்க இடம் இல்லை. அக்கா கையை எடுத்தார்.

"நான்தான் எடுத்தேன்," என்றார் மாமனார் போனில். "அந்தப் பொண்ணு சரியாத்தான் மாட்டிக் குடுத்துச்சு. வீட்டுல நாங்க மெஷினைக் கெடுத்துட்டோம். அதை மறைக்க நான் எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன்."

மறுமுனையில் முதலாளியின் குரல் கேட்டது. "அப்படியா சார்? சரி சரி, பரவாயில்ல, நீங்க மனசுல வச்சிக்காதீங்க. அந்தம்மா அங்க இருந்தா நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க."

அக்கா போனை வாங்கினார்.

"முதலாளி, கடையில ஆளுங்க இருக்காங்களா?"

"நாலஞ்சு பேரு இருக்காங்க. ஏன்?"

"ஸ்பீக்கர்ல போடுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா, நீ நாளைக்கு வா, நான்..."

"போடுங்க முதலாளி."

ஏதோ பட்டன் அழுந்தும் சத்தம். கடையின் இரைச்சல் அறைக்குள் வந்தது. யாரோ கீபோர்டுக்கு வாரன்ட்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா போனை மாமனாரின் வாய்க்கு நேராக நீட்டிப் பிடித்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா. சத்தமா."

மாமனார் சொன்னார். சத்தமாகவே சொன்னார். பாதியில் குரல் கம்மியது, அக்கா காத்திருந்தார், மீதியையும் சொன்னார். கடையின் இரைச்சல் அடங்கிப்போனது. வாரன்ட்டி கேட்டவர்கூட நிறுத்திவிட்டார்.

அக்கா போனை வைத்துவிட்டுத் தன் பையைத் தோளில் மாட்டினார். வரைபடக்காரி அந்த இரண்டு ரேமையும் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"அக்கா, இந்த மெஷினு..."

"போர்டு போயிருக்கும். ரேம் தப்பிச்சிருக்கலாம், பாக்கணும். காலையில பத்து மணிக்குக் கடைக்குக் கொண்டு வாங்கம்மா," என்றார் அக்கா. "நான் இருப்பேன்."